தீர்வும் நானே?

'என் ஊர், என் சிக்கல், தீர்வும் நானே.' பள்ளிக்குப் போகாத சிறுமிகளைத் தேடி ராஜஸ்தான் சிற்றூர்களில் வீடு வீடாக ஏறி இறங்கும் 'டீம் பாலிகா' தன்னார்வலர்களின் முழக்கம் இது. அவர்களைத் திரட்டிய எஜுகேட் கேர்ள்ஸ் நிறுவனத்துக்கு 2025 ஆகஸ்டில் ரமோன் மக்சேசே விருது அறிவிக்கப்பட்டது. தனிமனிதருக்கு அல்லாமல் ஓர் இந்திய அமைப்புக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அதையொட்டி வந்த பாராட்டுகளின் சாரமும் அந்த முழக்கம்தான்: அரசுக்காகக் காத்துக்கிடக்காமல் ஊரே எழுந்து நின்றுவிட்டது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

செய்த வேலையில் குறை காண்பது என் நோக்கமல்ல. 2007இல் சஃபீனா ஹுசைன் தொடங்கிய இந்நிறுவனம் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட சிறுமிகளைப் பள்ளியில் சேர்க்க உதவியிருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு பெண் குழந்தையை, 'இவள் இருக்கிறாள், இவளுக்கு ஒன்பது வயது' என்று எழுதி வைப்பதே பெரிய காரியம். வெளியூர் அதிகாரியிடம் வாய் திறக்காத தகப்பன், அடுத்த தெருப் பெண் வந்து கேட்டால் பதில் சொல்கிறான். பில்வாடா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை நடந்த திட்டத்தை வெளி அமைப்பொன்று அளந்து பார்த்தது. சேர்க்க வேண்டிய சிறுமிகளில் 92 விழுக்காட்டினர் சேர்ந்திருந்தார்கள். கற்றல் முன்னேற்றம் இலக்கில் 160 விழுக்காட்டை எட்டியிருந்தது. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களைத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்குத் தயார்செய்யும் 'பிரகதி' திட்டத்தோடும் எனக்குப் பிணக்கு இல்லை. சிறுவயதிலேயே மணமுடித்து, கையில் குழந்தையோடு நிற்பவளைப் போய் ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் உட்கார் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையின் நிலை வேறு. அவளுக்குச் சட்டம் இருக்கிறது. 2002இன் அரசியலமைப்புத் திருத்தம் அவள் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் அந்த உரிமைக்குப் பொறுப்பாளி யார் என்று பெயர் சொல்லி எழுதியது. தன் எல்லைக்குள் வாழும், பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டியது உள்ளாட்சி. அவர்கள் சேர்ந்தார்களா, வருகிறார்களா, படித்து முடித்தார்களா என்று பார்க்க வேண்டியதும் அதுவே. படிக்காமல் விடுபட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும். மற்றவர்களுக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி பெறுவது அப்பிள்ளையின் உரிமை என்கிறது நான்காம் பிரிவு. 'துணைக் கல்வி' என்று நாம் பொதுவாகச் சொல்லிவருவது முழுவதும் இந்த வரிகளுக்குள் இருக்கிறது.

இனி டீம் பாலிகாவின் அன்றாட வேலையைப் பாருங்கள். கணக்கெடுப்பது, சேர்ப்பது, வராதவளைத் தேடிப் போவது, பின்தங்கியவளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தருவது. சட்டம் அரசின் கடமை என்று எழுதிய ஒவ்வொன்றையும் ஓர் ஊர்ப் பெண் சம்பளம் இல்லாமல் செய்கிறாள். அது 'என் சிக்கல்' என்று அவளையே சொல்லவும் வைத்திருக்கிறோம். அது அவள் சிக்கல் அல்ல. பாக்கி வைத்தது அரசு. கடன்பட்டவனை விட்டுவிட்டு, கடன் கொடுத்தவளையே கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பில்வாடா திட்டத்தில் இந்த அநீதி எண்களாகவே தெரிகிறது. அது உலகெங்கும் பேசப்பட்ட 'வளர்ச்சித் தாக்கப் பத்திரம்'. முதலில் ஒருவர் பணம் போடுவார். இலக்கு நிறைவேறினால் வேறொருவர் அதை இலாபத்தோடு திருப்பித் தருவார். சுமார் 2,70,000 டாலர் போட்ட யூபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளைக்கு முதலும் ஆண்டுக்கு 15 விழுக்காடு வருவாயும் திரும்பின. போட்டதும் அறக்கட்டளைதான், திருப்பித் தந்ததும் வேறோர் அறக்கட்டளைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும், பணத்தின் உழைப்புக்குக் கூலி கணக்கிடத் தெரிந்த ஏற்பாட்டுக்கு, வெயிலில் நடந்த பெண்ணின் உழைப்புக்குக் கூலி கணக்கிடத் தெரியவில்லை. அவளுக்குத் தன்னம்பிக்கையும் பயிற்சியும் கிடைக்கின்றன என்பார்கள். கிடைக்கட்டும். நகரத்துப் பிள்ளையின் ஆசிரியருக்குத் தன்னம்பிக்கையே சம்பளம் என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. ஏழைப் பெண் குழந்தைக்குக் கற்பிக்கும்போது மட்டும்தான் கற்பித்தல் தொண்டாகிவிடுகிறது.

ராஜஸ்தானுக்கு இது புதிதும் அல்ல. பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக 1975இல் திலோனியாவில் இரவுப் பள்ளிகள் வந்தன. ஆசிரியர் வராத ஊர்களுக்காக 1987இல் 'சிக்ஷா கர்மி' வந்தது. எட்டாம் வகுப்பு படித்த ஆணும் ஐந்தாம் வகுப்பு படித்த பெண்ணும் அதில் ஆசிரியர்களானார்கள். ஒவ்வொன்றிலும் நல்ல மனிதர்கள் உழைத்தார்கள், ஒவ்வொன்றும் புகழ்பெற்றது. ஒவ்வொன்றுக்கும் 'அதுவரைக்கும்' என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த 'அதுவரை' ஐம்பது ஆண்டாக நீள்கிறது. பட்ட மரத்துக்கு முட்டுக்கொடுப்பதிலேயே ஒரு தலைமுறை உழைப்பு போய்விட்டது.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களுக்கு விடை அதே மக்சேசே விருதுப் பட்டியலில் இருக்கிறது. 2003இல் அதைப் பெற்றவர் சாந்தா சின்ஹா. அவரது எம்.வி. அறக்கட்டளை 1991 முதல் அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்டது. அங்கும் இளைஞர்கள் தெருத்தெருவாக நடந்தார்கள், இணைப்புப் பயிற்சி முகாம்கள் நடத்தினார்கள். ஆனால் பள்ளிக்கு வெளியே இருக்கும் எந்தப் பிள்ளையும் குழந்தைத் தொழிலாளியே என்றார்கள். இரவுப் பள்ளி, மாலை மையம் எதையும் ஏற்காமல், முழுநாள் அரசுப் பள்ளி ஒன்றே முடிவு என்று உறுதியாக நின்றார்கள். குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிப்புக்காக அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மன்றமாகத் திரண்டார்கள். அங்கே ஊர் எழுந்தது அரசைக் கேள்வி கேட்க. அரசின் வேலையைத் தானே சுமக்க அல்ல.

எஜுகேட் கேர்ள்ஸும் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குத்தான் அனுப்புகிறது. அந்த நல்ல அடித்தளம் அதற்கு இருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்ல நேர்கிறது. இத்தனை ஆயிரம் ஊர்களின் கணக்கைக் கையில் வைத்திருக்கும் அமைப்பு, 'இந்த வேலைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் சம்பளத்தோடு ஓர் அரசுப் பணியிடம் வேண்டும்' என்று கேட்டால் அதை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. விருது தந்திருக்கும் குரலை அதற்குச் செலவிடலாம். இன்று அந்த ஊர்களின் பதிவேடாக இருப்பவள் இருபது வயதுப் பெண் ஒருத்தி. அவள் மணமாகி வேறு ஊர் போகும் நாளில், அடுத்த தெருவில் ஆடு மேய்க்கும் ஒன்பது வயதுச் சிறுமியின் பெயர் யாரிடம் இருக்கும்?