சின்னக் கால்களுக்கும் ஒரு மலைப்பாதை

இங்கிலாந்தின் எக்ஸ்மூர் தேசியப் பூங்காவில் மலையும் கடலும் பிள்ளைகளை மிரட்டுவதில்லை. உச்சியான டன்கரி பீக்கனே 519 மீட்டர்தான். ஆகஸ்டில் சரிவெங்கும் ஹெதர் புதர்கள் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். எனக்குப் பிடித்தது லின்டனிலிருந்து பாறைப் பள்ளத்தாக்குக்குப் போகும் கடலோரப் பாதை. தலைக்கு மேலே, கால் வைக்கவே இடமில்லாத பாறை விளிம்பில் ஆடுகள் அசையாமல் நின்று அசைபோடும்.

திரும்பி வந்து லின்மவுத்துக்கு இறங்க 1890 முதல் ஓடும் சரிவு ரயில் உண்டு. இரு பெட்டிகளிலும் தண்ணீர்த் தொட்டி. கீழ்ப்பெட்டி தண்ணீரைக் கொட்டியதும் மேல்பெட்டி கனத்து இறங்கும், அந்த இழுப்பில் கீழ்ப்பெட்டி ஏறும். மின்சாரமும் வேண்டாம், புகையும் இல்லை.

ஒன்று மட்டும்: பாதையின் கடல் பக்கம் செங்குத்துச் சரிவு. ஆட்டை வேடிக்கை பார்க்கும்போது பிள்ளையின் கையை விட்டுவிடாதீர்கள்.