குறை நம் செவியிலோ?

சேர்வராயன் மலையில் விடியல் மெல்லவே வரும். காப்பித் தோட்டங்களின் மீது படிந்த பனி விலகுமுன்பே ஏற்காட்டின் தேநீர்க் கடைகளிலும் தோட்டத் தொழிலாளர் வீடுகளிலும் வானொலிப் பெட்டிகள் கண்விழித்த காலம் ஒன்று உண்டு. முதலில் தம்பூராவின் சுருதி கேட்கும்; அதன்மேல் வயலினில் ஒரு சிறு மெட்டு எழும். செய்தியும் பக்திப் பாடலும் அதற்குப் பின்னரே வரும். காலைத் திருப்பலிக்குப் புறப்படுவோர்க்கு அதுவே கோயில் மணிக்கு முந்திய மணியாயிருந்தது.

சிவரஞ்சனி இராகத்தின் சாயலில் அமைந்த அந்த மெட்டை நம் மண்ணிலேயே பிறந்ததாக எண்ணிக் கேட்டு வந்தோம். அதை அமைத்தவராக அறியப்படுபவரோ, ஜெர்மன் மொழி பேசும் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, பம்பாயில் அடைக்கலம் தேடிய வால்டர் காஃப்மன் என்னும் இசையமைப்பாளர். அவருடைய வாழ்வும் படைப்பும் நமக்குச் சொல்வது என்ன என்பதை இங்கே சிந்திப்போம்.

காஃப்மன் 1907-இல் பொகீமியாவிலுள்ள கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்தார். பெர்லினில் பிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையமைப்பும், கர்ட் சாக்ஸிடம் இசையியலும் பயின்றார். பின்னர் பிராகா நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மாலரின் சிம்பொனிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தார். ஆனால், தம் பேராசிரியர் நாத்சி இளைஞர் அமைப்பொன்றின் தலைவர் என அறிந்ததும், அப்பட்டமே வேண்டாமென மறுத்துவிட்டார். பல ஆண்டு உழைப்பின் பயனை மனச்சான்றின் பொருட்டு விட்டுக்கொடுத்த இளைஞர் அவர். பட்டங்களைப் பெயருக்கு முன்னும் பின்னும் அடுக்கி மகிழும் நாம் இதைச் சற்று நின்று எண்ணவேண்டும்.

1934-இல் அவர் பம்பாய் வந்து சேர்ந்தார். சில காலம் தங்கிச் செல்லலாம் என வந்தவர் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். மேற்கத்திய இசைக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். பின்னாளில் புகழ்பெற்ற சூபின் மேத்தாவின் தந்தையான மெஹ்லி மேத்தா, அதில் அவருடன் வயலின் வாசித்தார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவைக் காஃப்மன் நடத்தினார். அதன்பின் கனடா சென்று, பியானோ ஆசிரியராகவும் வின்னிபெக் இசைக்குழுவின் நடத்துநராகவும் பணியாற்றினார். 1957 முதல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1984-இல் மறைந்தார்.

இவ்வாழ்வில் நம்மை மிகவும் தொடுவது ஒரு சிறு நிகழ்ச்சி. இந்திய இசையை முதன்முதல் கேட்டபோது அது அவருக்குப் பிடிபடவில்லை, அந்நியமாகவே தோன்றியது. ஆயினும், இதுவும் இதயமும் அறிவும் படைத்த மனிதர் உண்டாக்கியதுதானே, கோடிக்கணக்கானோர் இதை நேசிக்கிறார்களே என்று எண்ணிப் பார்த்தார். அப்படியானால் குறை இசையில் இல்லை, தம்மிடத்திலேதான் என்னும் முடிவுக்கு வந்தார். பிறகு மாணவராகிக் கற்கத் தொடங்கினார். மறைப்பணியாளர் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த முதற்பாடம் உண்டோ?

அக்கல்வியின் கனிகளே அவருடைய நூல்கள். வட இந்திய இராகங்களைப் பற்றிய நூல் 1968-இலும், தென்னிந்திய இராகங்களைப் பற்றிய நூல் 1976-இலும் வெளிவந்தன. பின்னதில் நம் இராகங்களின் ஆரோகண அவரோகணங்களை மேற்கத்திய இசைக் குறியீட்டில் பொறுமையுடன் தொகுத்திருக்கிறார். இதன் பயன் பெரிது. எனினும் இதன் எல்லையையும் நாம் சொல்லியாக வேண்டும். ஐந்து கோடுகளுக்குள் சுரங்கள் அடங்கும், கமகம் அடங்காது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே குரல் இழையும் அந்த நெளிவை ஆசிரியரின் வாய்மொழியாகவே கற்க முடியும். இதே காரணத்தைக் காட்டித்தான் 1940-இல் வானொலி நிலையங்களில் ஆர்மோனியம் விலக்கப்பட்டது. அத்தடை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. தம் நூலுக்குச் 'சுரவரிசைகளின் பட்டியல்' என்னும் பொருளில் துணைத்தலைப்பிட்டதால், முழு இராகத்தையும் பிடித்துவிட்டதாக உரிமை கொண்டாடாத அடக்கம் காஃப்மனிடம் இருந்தது எனலாம்.

பட்டியலால் இயலாததை அவருடைய இசைப்படைப்புகளே நெருங்கின. கனடாவின் ஏ.ஆர்.சி. குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஒலிப்பதிவில், நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவருடைய சிற்றிசைக்குழுப் படைப்புகள் மீண்டும் ஒலிக்கின்றன. ஐரோப்பியக் கட்டமைப்புக்குள் இராகத்தின் நிழல் படிகிறது. சில இடங்களில் இரண்டும் ஒன்றாகாமல் அருகருகே நிற்பதும் உண்மை. வானொலி மெட்டிலோ சுருதி அடியில் நிலைக்க, வயலின் அவசரமின்றி எழுகிறது. அங்கே வந்தவர் பாடுகிறாரா, வீட்டார் பாடுகிறார்களா எனப் பிரித்தறிய முடிவதில்லை.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். ஏற்காட்டில் துறவற சபையினரின் பள்ளிகள் நூறாண்டுக்கும் மேலாகக் கல்வி வளர்த்து வருகின்றன. மேலை இசையை நம் பாடகற்குழுக்கள் அன்போடு ஏற்றுக்கொண்டன, அதில் தவறில்லை. ஆனால், இம்மலையின் மூத்த குடிகளான மலையாளி மக்களின் பாட்டை நாம் எவ்வாறு கேட்டோம்? மே மாதத்தில் சேர்வராயன் கோயில் விழாவின்போது ஓர் இரவு, தொலைவிலிருந்து அவர்களுடைய பறையும் பாட்டும் கேட்டன. தியானத்துக்கு இடையூறு என்று நாம் சன்னலைச் சாத்தினோம். இன்று அதை எண்ணும்போது வெட்கம் வருகிறது. எங்கிருந்தோ வந்த யூதர் ஒருவர் தம் செவியைக் குறைகூறிக்கொண்டார். அண்டை வீட்டாராகிய நாமோ அவர்களுடைய பாட்டையே குறைகூறினோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சாசனம், தங்களுக்கென இசை மரபுடைய மக்களின் இசைக்கு உரிய மதிப்பும் இடமும் தரவேண்டும் எனக் கேட்கிறது. அதை நடைமுறைப்படுத்துவதாக எண்ணி, மின்னணு இசைப்பெட்டியில் உள்ள ஆயத்தத் தாளத்துக்கு ஒரு நாட்டுப்புற மெட்டைப் பொருத்திப் பாடிவிட்டு நிறைவடைகிறோம். அது கேளாமல் எடுத்துக்கொள்வது. மெட்டுக்கு உரியவர்களோடு அமர்ந்து, அது எந்த உழைப்பில், எந்தத் துயரில் பிறந்தது என அறிந்தபின் பாடுவதே அம்மக்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அந்நியரை ஏற்றுக்கொள்பவர் தம்மையே ஏற்றுக்கொள்வதாக ஆண்டவர் சொன்னார். பம்பாய் ஓர் அந்நியரை ஏற்றது. அவர் ஒரு நாட்டின் விடியலுக்கே மெட்டுத் தந்தார். நாம் சன்னலைத் திறந்து வைத்தால் நம் திருப்பலிக்கு என்ன பாட்டு வந்து சேருமோ, யார் அறிவார்? அடுத்த மே மாதம் சேர்வராயன் மலையில் அந்தப் பாட்டு மறுபடியும் கேட்கும்.