மஞ்சள் கடவுச்சீட்டு

'லே மிசராப்ளே' பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் பிஷப்பின் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளில்தான் போய் நிற்பார்கள். கல்லூரி விடுதியில் சுத்தானந்த பாரதியின் 'ஏழை படும் பாடு' படித்தபோது நானும் அங்கேதான் அழுதேன். சமீபத்தில் நாவலை முழுசாகப் படித்தபோது என்னை நிறுத்தியது வேறொன்று. ஒரு தீ விபத்து.

1815 டிசம்பரில் ஓர் ஊருக்குள் முன்பின் தெரியாத ஒருத்தன் நுழைகிறான். அந்த நேரம் பார்த்து நகரசபைக் கட்டடம் பற்றி எரிகிறது. உள்ளே பாய்ந்து இரண்டு குழந்தைகளைத் தூக்கி வருகிறான். இரண்டும் காவல் தலைவரின் பிள்ளைகள். அந்தச் சந்தோஷத்தில் அவனிடம் யாரும் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. ஹ்யூகோ இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கென்னவோ நாவலே இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொங்குகிறது என்று படுகிறது. கேட்டிருந்தால் மஞ்சள் சீட்டைக் காட்டியிருக்க வேண்டும். பிறகு ஏது தொழிற்சாலை, ஏது மேயர் பதவி?

ஏனென்றால் கேட்டால் என்ன ஆகும் என்று முன்பே காட்டிவிட்டார். விடுதலையான மறுநாள் கிராஸ் ஊரில் ழான் வால்ழான் மூட்டை இறக்குகிறான். நல்ல வேலைக்காரன். நடுவில் ஒரு காவலர் வந்து சீட்டைப் பார்க்கிறார். சாயங்காலம் பேசிய கூலி கிடைக்கவில்லை. "உனக்கு இது போதும்" என்கிற தொனியில் பதில். பத்தொன்பது வருஷச் சிறை உழைப்புக்கே கழித்தது போகக் கையில் தந்தது 109 பிராங்கும் சில்லறையும்தான். அதற்கப்புறம் அவன் பார்த்த வேலையெல்லாம் மாற்றுப் பெயரில். மதலேன் என்ற பெயரில் முதலாளி, ஃபோஷெல்வான் என்ற பெயரில் மடத்துத் தோட்டக்காரன்.

ஹ்யூகோவோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. வால்ழான் திருடியது ஒரு ரொட்டி. வெளியே வந்து வண்டியைத் தோளால் தூக்குகிறான், கருமணித் தொழிலில் புது முறை கண்டுபிடிக்கிறான், கிட்டத்தட்ட மகான் ஆகிறான். சின்னக் குற்றம், பெரிய மனிதன். இவனை ஏற்பது வாசகனுக்குச் சுலபம். நிஜமாகவே ஒருத்தனை அடித்துவிட்டு உள்ளே போனவன், வெளியே வந்து சுமாராக வண்டி ஓட்டுகிறவன், அவனுக்கு இந்த நாவலில் என்ன இடம்?

எனக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி இல்லை. வேலைக்கு வருகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் மென்பொருளில் ஒரு பகுதி நான் எழுதியது. பெயர், அப்பா பெயர், மாவட்டம் மூன்றையும் வைத்து நீதிமன்றப் பதிவுகளில் தேடி பச்சை அல்லது சிவப்பு காட்டும். ஒருநாள் ஒரு டிக்கெட் வந்தது. டிரைவர் வேலை. அடிதடி வழக்கு, தண்டனை முடிந்து பதினோரு வருஷம். எடுத்துக்கொள்ள அந்த நிறுவனத்துக்குச் சம்மதம், ஆனால் சிவப்பைத் தாண்டி மேலே போக வழியில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். "வடிவமைத்தபடியே இயங்குகிறது" என்று எழுதி மூடினேன். இரண்டு நிமிஷ வேலை.

அதனால்தான் ஃபான்டீன் வருகிற பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. அவளை வேலையைவிட்டு அனுப்புவது வேறு யாருடைய தொழிற்சாலையும் இல்லை, வால்ழானுடையது. அங்கே வேலைக்கு ஒழுக்கம் நிபந்தனை. பெண்கள் பகுதியை ஒரு மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துவிட்டு அவன் உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபான்டீனுக்கு ஒரு குழந்தை இருப்பது தெரிந்ததும், மேயர் கொடுத்ததாகச் சொல்லி 50 பிராங்கைக் கையில் வைத்து ஊரைவிட்டே போகச் சொல்கிறாள் அந்த அம்மா. தர்மத்துக்கென்று அவன் ஒதுக்கிய பணம் அது. மேற்பார்வையாளர் கெட்டவள் இல்லை. விதியைச் சரியாகத்தான் நிறைவேற்றினாள்.

1950-இல் வந்த படத்தில் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது. மேற்பார்வையாளரின் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஹ்யூகோவே பெயர் வைக்கவில்லை.

போன மாதம் எங்கள் கூட்டத்தில், தண்டனை முடிந்த வருஷத்துக்கு ஒரு புலம் சேர்க்கலாமா, கடைசி முடிவை ஒரு மனிதர் எடுக்க ஒரு பொத்தான் வைக்கலாமா என்று கேட்டேன். எந்த வாடிக்கையாளரும் கேட்கவில்லையே என்றார்கள். ஒருத்தர் கேட்டிருந்தார் என்று சொல்லி அந்தப் பழைய டிக்கெட்டைத் திரையில் திறந்தேன். அதில் கடைசி வரி என்னுடையது.