முகட்டில் எழும் ஆவி

2022 ஜூலை 12 அன்று நாசா வெளியிட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களில் ‘காஸ்மிக் கிளிஃப்ஸ்’ தனி அழகு. சுமார் 7,600 ஒளியாண்டுக்கு அப்பால், கரீனா நெபுலாவின் ஒரு மூலையில், பழுப்புப் பொன் நிறத்தில் மலைத்தொடராய் எழுந்து நிற்கும் வாயுவும் தூசும். எல்லோரும் மலையைப் புகழ்ந்தார்கள். என் கண் போய் நிற்பதோ முகட்டிலிருந்து ஆவியாய் எழும் மெல்லிய படலத்தில். இளம் விண்மீன்களின் கடுங்கதிர்வீச்சு பட்டு வெளியேறும் சூடான வாயு அது.

தொலைநோக்கி அனுப்பும் அகச்சிவப்புத் தரவை அப்படியே திரையில் போட்டால் ஏறக்குறைய முழுக் கறுப்பு. ஆங்காங்கே சில விண்மீன்கள் மட்டும் தெரியும். படலம் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் விண்மீனுக்கும் அதற்கும் வெளிச்சத்தில் அவ்வளவு ஏற்றத்தாழ்வு. சாதாரணத் திரையிலோ ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். ஆகவே இருட்டைத் தூக்க வேண்டும், பளிச்சிடுவதை அடக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் இரைச்சல் மணல்மணலாய்க் கிளம்பும். கொஞ்சம் குறைந்தால் ஆவி கரைந்துவிடும். பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் ஜோசப் டிபாஸ்குவேலும் அலிசா பேகனும் சுருதி சேர்ப்பதுபோல அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

இந்தத் தொலைநோக்கியின் படங்களில் இன்னொரு தொல்லை, குறுக்கே ஓடும் மெல்லிய வரிகள். உணரியைப் படிக்கும் மின்னணுச் சுற்று போடும் கோடுகள் அவை. வரிசைக்கு வரிசை பின்னணி அளவைக் கணித்துக் கழித்தால் போய்விடும். வெறும் வானமாக இருந்தால் இது எளிது. படச்சட்டம் முழுக்க நெபுலா நிறைந்திருக்கும்போது பின்னணி எது, படலம் எது? கண்மூடிக் கழித்தால் கோட்டோடு ஆவியும் போகும். நீக்குவதில் காட்டும் இந்த நிதானத்தைத்தான் நான் வண்ணத்தைவிட மேலாக மதிக்கிறேன்.

வண்ணமும் மனம்போன போக்கில் பூசியதல்ல. ஆறு வடிகட்டிகள் வழியே எடுத்த ஆறு கறுப்பு வெள்ளைப் படங்கள். குறுகிய அலைநீளம் நீலப் பக்கம், நீண்டது சிவப்புப் பக்கம். ஏறக்குறைய வானவில்லின் வரிசை. 4.7 மைக்ரான் வடிகட்டி ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் ஒளியைப் பிரித்துத் தருவதால், தூசுக்குள் பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்கள் பீய்ச்சும் தாரைகள் நமக்குத் தெரிகின்றன. இதைப் பொய் நிறம் என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

விண்மீன்களைச் சுற்றியுள்ள கூர்முனைகளை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். ஆடியின் விளிம்பும் தாங்குகால்களும் உண்டாக்குபவை அவை. அழித்தால் அந்த இடத்தை ஊகத்தால்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

முழு அளவுப் படத்தில் 12 கோடிக்கும் அதிகமான பிக்சல்கள்; படம் இலவசமாகவே கிடைக்கிறது. கைப்பேசியில் பார்த்தது போதாது. பெரிய திரையில் திறந்து, முகட்டின் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள்.