அருகில் இருந்து பார்த்தவர் யார்?

அஞ்சல் வழியில் ஆலோசனை உளவியல் முதுகலை படித்தவன் நான். எல்லாத் தாள்களிலும் தேறினேன். உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் பேசிய நிபந்தனையற்ற ஏற்பைப் பற்றித் தேர்வில் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்புகளில் ஆசிரியர் பாடநூலை வாசிப்பார், நாங்கள் அடிக்கோடு போடுவோம். செய்முறைப் பதிவேட்டுக்கு ஐந்து பேரைச் சந்தித்து எழுத வேண்டும். என் ஐவரில் மூவர் உறவினர்கள். கையெழுத்துப் போட்டவர் அவர்கள் யாரென்று கேட்கவில்லை. பட்டம் கைக்கு வந்த ஆறாவது மாதம், மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் நான்தான் பேசினேன். அவர் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். மறுவாரம் அவர் வரவில்லை. எங்கே தவறினேன் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. படித்த இரண்டு ஆண்டுகளிலும் அப்படி ஒருவர் இருந்ததில்லை.

தொலைநிலையில் ஆற்றுப்படுத்துதல் (ஆலோசனை) படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் எடைபோட்டுச் சொல்லும்போது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் படிக்கல்லாக வைத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும், உயிரித்தொழில்நுட்பம் உள்ளிட்ட பாடங்களைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. அதற்கு அடிப்படை, 2021இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம். உளவியலாளர்களும் பலவகை ஆலோசகர்களும் நடத்தைநலத் தொழில் என்ற பிரிவில் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். மருத்துவ உளவியலாளர்கள் மட்டும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் என்று வரையறுத்துக்கொண்டு போகிறது. ஆற்றுப்படுத்துநர் என்று தனியாக ஒருவர் அதில் இல்லை. இவ்வளவு காலமும் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்ற நிலை இதனால்தான் இருந்தது.

தடையின் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. என் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் நோயைச் சரியாகக் கண்டவர்கள் மருந்தைச் சரியாகக் கொடுத்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2021 சட்டம் சுகாதாரத் தொழிலருக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும் என்று வரையறுக்கிறது. அந்த மணிகளில் எத்தனையை ஒரு மாணவர் துயரப்படும் மனிதர் முன் உட்கார்ந்து கழிக்க வேண்டும், அதை யார் பார்த்துத் திருத்த வேண்டும் என்பது வரையறையில் இல்லை. வகுப்பறைக்கு நாள்தோறும் போனாலே அது நடந்துவிடாது. கல்லூரியில் நேரடியாகப் படித்தும் ஒரு முழு உரையாடலைக்கூட ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் பெறாமல் வெளிவந்தவர்களை எனக்குத் தெரியும்.

தொலைநிலையில் யார் படித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். என் வகுப்பில் அரசுப் பள்ளி ஆசிரியைகள் இருந்தார்கள், இரண்டு அருட்சகோதரிகள், ஒரு கிராமச் சபையின் போதகர், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுத் தானும் படிக்க வந்த ஓர் அம்மா. ஊரில் ஒருவருக்கு மனம் உடைந்தால் முதலில் போய் நிற்பது இவர்கள் வீட்டு வாசலில்தான். வேலையை விட்டு இரண்டு ஆண்டு நகரத்தில் தங்கிப் படிக்க இவர்களால் முடியாது. கதவைச் சாத்தியதால் அந்த வாசலில் வந்து நிற்பவர்கள் குறையப் போவதில்லை.

அமெரிக்காவைப் பார்த்தால் தூரம்தான் குற்றவாளியா என்பது தெளிவாகும். அங்கே ஆலோசனைக் கல்விக்குத் தரச்சான்று தரும் அமைப்பு சி.ஏ.சி.ஆர்.இ.பி. அது 1981இல் தொடங்கியது. இணையவழியில் நடக்கும் முதுகலைகளுக்கும் அது சான்று தருகிறது. லிபர்ட்டி, வால்டன், கபெல்லா பல்கலைக்கழகங்களின் மருத்துவ மனநல ஆலோசனைப் படிப்புகள் அப்படிச் சான்று பெற்றவை. ஆனால் மாணவர் எங்கே உட்கார்ந்து பாடம் படித்தாலும், தன் ஊருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் முதலில் 100 மணி நேரப் பயிற்சி செய்ய வேண்டும், அதில் 40 மணி நேரமாவது உதவி நாடி வந்தவர்களோடு நேரடியாக. பிறகு 600 மணி நேர உள்ளகப் பயிற்சி, அதில் 240 மணி நேரம் நேரடியாக. அந்தக் காலம் முழுவதும் வாரந்தோறும் மேற்பார்வை உண்டு. பாடம் தூரத்திலிருந்து வரலாம், கண் மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அங்குள்ள ஏற்பாடு. நம் அஞ்சல் வழிப் படிப்பில் இல்லாமல் போனது அந்தக் கண்தான்.

போதகர்களும் துறவியரும் தேடிப் போகும் மேய்ப்புப்பணி ஆலோசனைப் பட்டம் வேறொரு வகை. இங்கே என் தீர்ப்பு இன்னும் கடுமையானது. அந்தத் துறையின் வேரே நேரடிப் பயிற்சியில் இருக்கிறது. 1925இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களைக் கோடையில் அழைத்துவந்தார் ஆன்டன் பாய்சன். அவரே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர். நூல்களை வாசிப்பதுபோல மனிதரையும் வாசிக்கப் பழக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அங்கிருந்து வளர்ந்த பயிற்சி முறையில், மாணவர் நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதிக் கொண்டுவர வேண்டும். குழுவும் மேற்பார்வையாளரும் அதை வரிவரியாகப் பிரிப்பார்கள். இந்த இடத்தில் ஏன் ஜெபத்துக்குத் தாவினாய்? அவர் அழத் தொடங்கியபோது நீ ஏன் வசனம் சொன்னாய்? என் முக்கால் மணி நேரத்தை யாராவது அப்படிப் பிரித்திருந்தால், இரண்டாவது நிமிடத்திலேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

இந்த மரபிலிருந்து வந்த பட்டத்தை, பாடக் காணொளியும் கட்டுரைகளும் மட்டுமாக இணையத்தில் விற்பது அதன் உயிரை எடுப்பதற்குச் சமம். அமெரிக்க இறையியல் நிறுவனங்கள் தரும் இத்தகைய இணையவழி முதுகலைகளில் பல, அரசு உரிமத்துக்கு வழி செய்யாதவை. அதை அவர்களே விவரக்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதை வாசிக்காமல் டாலரில் கட்டணம் கட்டிவிட்டுப் பிறகு விழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. பிறந்த நாட்டிலேயே அந்தத் தொழில் ஒடுங்கிவிட்டது. 1963இல் தோன்றிய அமெரிக்க மேய்ப்புப்பணி ஆலோசகர் சங்கம் 2019இல் மருத்துவமனைப் பயிற்சிக்கான அமைப்போடு இணைந்தது. பட்டப் பெயரை மட்டும் நம்பலாகாது.

எந்தப் படிப்பையும் சோதிக்க நான் ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன். ஒரு சிறுமி வந்து, வீட்டிலேயே ஒருவர் தன்னைத் தொடுகிறார் என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அறிந்தவர் எவரும் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல்துறைக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. இரகசியம் காப்பேன் என்று அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கோடு இந்தக் கடமை மோதும். அந்த மோதலை அவளிடம் எந்தச் சொல்லில் சொல்வது என்பதை ஒருவர் வாயால் சொல்லிப் பழகித்தான் கற்க முடியும். இதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வைக்காத முதுகலை, எந்த வழியில் நடந்தாலும் ஆற்றுப்படுத்துதல் படிப்பாகாது.

ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துவது வழியில் செலுத்துவது. ஆற்றுப்படை பாடிய பாணனும் தான் நடந்த வழியைத்தான் எதிரே வந்தவனுக்குச் சொன்னான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதும், ஈழத்தவர் உளவளத்துணை என்று சொல்வதும், வெறும் 'கவுன்சலிங்' என்பதைவிடக் கூடுதலாக எதையோ கேட்கின்றன.

ஆகவே, தொழிலாக இதைச் செய்ய நினைப்பவர் நேரடி முதுகலையைத் தேடட்டும். சேருமுன் துறைத் தலைவரிடம், இரண்டு ஆண்டில் எத்தனை மணி நேரம் ஆட்களோடு, வாரத்துக்கு எத்தனை மணி மேற்பார்வை என்று எண்ணிக்கையில் கேட்கட்டும். எண் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் சமூகப்பணி முதுகலையில் ஆலோசனைப் பிரிவும் கட்டாயக் களப்பணியும் இருக்கின்றன என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். களம் நல்லதுதான். ஆனால் தனி ஆளோடு தனி அறையில் பேசுவது வேறு திறமை, அதற்கு இது ஈடாகாது. போதகரும் அருட்சகோதரியும் முதுகலைப் பட்டத்தையே விட்டுவிட்டு, மருத்துவமனையில் சில மாதம் மேற்பார்வையோடு நடக்கும் மேய்ப்புப்பணிப் பயிற்சிக்கு அந்தப் பணத்தையும் விடுப்பையும் செலவிட வேண்டும். பெயருக்குப் பின்னால் எழுத்து சேராது. ஆனால் அந்தத் தாயைப் போன்றவர் வந்து உட்காரும்போது அவர்கள் வாயை மூடியிருக்கப் பழகியிருப்பார்கள்.

என்னைப் போல் ஏற்கெனவே தொலைநிலையில் முடித்துவிட்டவர்கள் பட்டத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அனுபவமுள்ள ஒருவரிடம் மாதம் இரண்டு முறை போய், நடந்த உரையாடலை எழுதிக் காட்டுங்கள். நான் அதை எட்டு ஆண்டு தாமதமாகத் தொடங்கினேன். முதலில் கொண்டுபோனது அந்தத் தாயோடு பேசியதைத்தான், நினைவில் இருந்தவரை.