தோற்றுப்போன வாத்தியார்

ஸ்பானிய மொழியில் காதுக்கு ‘ஓரேஹா’ என்று பெயர், கண்ணுக்கு ‘ஓஹோ’. வேர் காட்டும் பல அட்டவணைகளில் இடப்பக்கம் லத்தீன் ‘அவுரிஸ்’, வலப்பக்கம் ‘ஓரேஹா’, நடுவில் ஒரு அம்புக்குறி. முடிஞ்சது வேலை! எனக்கு அந்த அம்புக்குறி மேல்தான் சந்தேகம். ‘அவுரிஸ்’ எந்த வழியாகப் போனாலும் ‘ஓரேஹா’வில் போய் நிற்காதே?

வழியைக் காட்டுவது ‘அப்பெண்டிக்ஸ் ப்ரோபி’ என்ற பழைய லத்தீன் பட்டியல். பெயர் தெரியாத ஒரு வாத்தியார் எழுதியது. இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று 227 திருத்தங்கள். காதை ‘ஒரிக்லா’ என்னாதே, ‘அவுரிஸ்’ என்று சொல். கண்ணை ‘ஒக்லுஸ்’ என்னாதே, ‘ஒக்குலுஸ்’ என்று சொல் என்கிறார். ‘ஒரிக்லா’ என்பது ‘சின்னக் காது’ என்ற செல்லப் பெயரின் பேச்சு வடிவம். அவர் அடித்துப்போட்ட ‘ஒரிக்லா’தான் ‘ஓரேஹா’ ஆனது. ‘ஒக்லுஸ்’தான் ‘ஓஹோ’. வாத்தியார் தோற்றார். ஆனால் ஜெயித்தவர்களுக்குச் சாட்சியும் அவரேதான்.

பட்டியலின் குறை, அது பெரும்பாலும் ஒலியையும் வடிவத்தையும் மட்டுமே பார்க்கிறது என்பது. ஜனங்கள் அதோடு நிற்கவில்லை, பொருளையே மாற்றினார்கள். ஏட்டு லத்தீனில் கல்லீரல் ‘யேக்குர்’. அத்திப்பழம் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைத்த விலங்கின் ஈரல் ‘யேக்குர் ஃபிகாட்டும்’. நாளடைவில் ‘யேக்குர்’ உதிர்ந்தது, அத்திப்பழ அடைமொழி மட்டும் நின்றது. இன்றைய ஸ்பானிய ‘ஈகாதோ’ அதுதான். காலுக்கான ‘பியெர்னா’ பன்றித்தொடைக் கறியைக் குறித்த ‘பெர்னா’. வாய்க்கான ‘போக்கா’ உப்பிய கன்னம். இடுப்புக்கான ‘காதேரா’ நாற்காலி. இவை சமையற்கட்டிலும் கறிக்கடையிலும் கேலிப்பேச்சிலும் புழங்கிய சொற்கள்.

ஏட்டுச் சொற்கள் அழிந்துவிடவில்லை, பிற்காலத்தில் படித்தவர்கள் கைபிடித்துத் திரும்பி வந்தன. அதனால் ஸ்பானியத்தில் கண் ‘ஓஹோ’, கண் சார்ந்தது ‘ஓகுலார்’. ஈரல் ‘ஈகாதோ’, ஈரல் சார்ந்தது கிரேக்க வழி வந்த ‘எபாத்திகோ’. உறுப்புக்கு வீட்டுப் பெயர், நோய்க்கு ஏட்டுப் பெயர்.

ஆகவே ஸ்பானியத்தைச் ‘சிதைந்த லத்தீன்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அப்படி எழுதுகிறவர்கள் அந்த வாத்தியாரின் பக்கம் நின்று, பிழை என்று அவர் ஒதுக்கியதைப் பிழை என்றே எண்ணுகிறார்கள். வம்சம் வளர்ந்தது பிழையில்தான். அம்புக்குறி போடுவதாக இருந்தால் அங்கிருந்து போடுங்கள்.