திரும்புதல் யாருடைய சொல்?

கொழும்புக்குத் திரும்பிப் போவதைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளுக்குத் தமிழில் ஒரு வழித்தடம் உண்டு. எழும்பூரில் போட் மெயில், பாம்பன் பாலத்தில் சன்னலோரம், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கடைசியில் கோட்டை நிலையம். பிறகு புறக்கோட்டையின் நெரிசல், செட்டியார் தெருவின் நகைக்கடைகள், காலிமுகத் திடலின் காற்று. இரைச்சலையும் அழுக்கையும் திட்டிக்கொண்டே நகரத்தைக் கொஞ்சும் தொனி. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இருந்த வழி அது.

இந்த எழுத்தில் பயணி பெரும்பாலும் ஆண். குறை அவ்வளவுதான் என்றால், பெண் பயணி ஒருத்தியைச் சேர்த்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் சிக்கல் 'திரும்புதல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது.

அதே தண்டவாளத்தின் ஓரத்தில்தான் மண்டபம் முகாம். தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம். அங்கிருந்து கடல் தாண்டிய பெண்கள் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தார்கள். அவர்களை யாரும் பயணி என்று எழுதவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பேசி முடித்தார்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. மலையகத்தில் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத பெண்ணும் அந்தக் கணக்கில் 'திரும்பியவள்'. வணிகர் மனசுக்குப் பிடித்துத் திரும்பினார். இவள் காகிதத்தில் திருப்பி அனுப்பப்பட்டாள். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்.

1983க்குப் பிறகு அதே மண்டபம் அகதி முகாமானது. 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்த பெண்ணிடம் ஊருக்குத் திரும்புவாயா என்று கேட்டால், எந்த ஊருக்கு என்பதே அவள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இந்தக் கடலை இருவிதமாகக் காட்டுகிறது. ஷ்யாமா அகதியாக ராமேஸ்வரம் வந்து, முகாமில் பிள்ளை பெற்று, விட்டுவிட்டுப் போகிறாள். அந்தப் பிள்ளை அமுதா, சென்னைப் பெற்றோருடன் இலங்கைக்குத் தாயைத் தேடிப் போகிறாள். படம் மகளின் தேடலோடு நடக்கிறது. நாமும் அவளோடு அழுகிறோம். பிள்ளையை விட்டுத் திரும்பிய தாயின் பயணம் அவ்வளவு நேரம் பெறுவதில்லை. பயணக் கட்டுரைகளின் பழக்கம் இங்கும் தொடர்கிறது: கடவுச்சீட்டு உள்ளவரின் கண்தான் கதையின் கண்.

கீழக்கரையில் கடல் கடந்து பிழைக்கப் போனவரைச் சபராளி என்பார்கள். போனவருக்குப் பெயர் உண்டு. வாசலில் காத்திருந்தவளுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. கொழும்பு அவள் வீட்டுக்குள் கடிதமாகவும் சாமானாகவும் வந்தது. அந்த நகரத்தை அவளும் நேசித்திருக்கலாம். பார்க்காத நகரத்தின் மீதான நேசத்தை நம் பயண இலக்கியம் கணக்கில் எடுப்பதில்லை.

நெரிசலை ரசிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. மும்பையை முன்வைத்து எழுதப்பட்ட 'ஒய் லாய்ட்டர்?' (2011) நூல், காரணம் ஏதுமின்றி நகரத்தில் சுற்றுவதும் பெண்ணின் உரிமை என்று வாதிட்டது. அந்த உரிமை நமக்கும் வேண்டும். ஆனால் சுற்றுவதற்குத் தெரு மட்டும் போதாது. உள்ளே விடும் காகிதமும், நினைத்தபோது கிளம்பும் வசதியும், தாமதத்துக்குக் கணக்குக் கேட்காத வீடும் வேண்டும். திரும்புதலை இனிமையாக்குவது இவைதான்.

அடுத்த முறை ஒரு நகரத்துக்குத் திரும்பிய கதையைப் படிக்கும்போது, எழுதியவரின் கையில் என்ன சீட்டு இருந்தது என்று பாருங்கள். அதே வழியில் சீட்டில்லாமல் கடந்தவள் யார் என்றும் தேடுங்கள். மண்டபத்தில் ரயில் நிற்கும்; இறங்கி எழுத இன்னும் நிறைய இருக்கிறது.